மாத்திரை மாறினால் மருந்து மாறுமா?
மருந்துச் சமன்மை ஆய்வில் அகமாறுபாட்டை மதிப்பிடும் முறை

பேரா ஆறு கடலொடு கலக்கும் பாகான் டத்தோவிலும், அதனை அடுத்துள்ள ஊத்தான் மெலிந்தாங், தெலுக் இந்தான் வட்டாரங்களிலும், நீரிழிவுக்கோ இரத்தக் கொதிப்புக்கோ நாள்தோறும் மாத்திரை உட்கொள்ளும் முதியோரைப் பல வீடுகளில் காண்கிறோம். அரசாங்க கிளினிக்கில் மருந்து வாங்கி வந்த பாட்டி, உறையைப் பிரித்துப் பார்த்து, “சென்ற மாதம் வெள்ளை, இந்த மாதம் மஞ்சள், இது வேறு மருந்தாயிற்றே” என்று ஐயுறுவதும், சிலவேளை அதனை ஒதுக்கி வைத்துவிடுவதும் நாம் அறிந்தவையே. படித்த பேரப்பிள்ளைகள், “இரண்டும் ஒன்றுதான் பாட்டி” என்று சொல்லிவிடுகின்றனர். ‘ஒன்றுதான்’ என்பதை யார் எவ்வாறு அளந்தார்கள் என்று பாட்டி திருப்பிக் கேட்டால், நம்மில் எத்தனை பேர் விடை சொல்வோம்?

அந்த விடையைத் தமிழில் சொல்லிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். விடையின் மையத்தில் ஓர் எண் இருக்கிறது. ஒரே மனிதர் ஒரே மருந்தை இரு வேறு நாள்களில் உட்கொண்டால், அவருடைய குருதியில் சேரும் மருந்தின் அளவு எவ்வளவு வேறுபடும் என்பதைக் காட்டும் எண் அது. அதனைச் சரியாக மதிப்பிட்டால் நல்ல மருந்து மக்களுக்குக் கிடைக்கும். தவறாக மதிப்பிட்டால் தீங்கற்ற மருந்து தோற்கலாம். தன்னார்வலர்கள் பலர் பயனின்றித் தம் குருதியைக் கொடுத்தவராகலாம்.

ஒரே பொருள், வேறு மாத்திரை

ஒரு மருந்தை முதன்முதலில் உருவாக்கி விற்பனைக்குக் கொணர்ந்த நிறுவனத்தின் தயாரிப்பை இங்கு ‘மூலமருந்து’ என்போம். காப்புரிமைக் காலம் முடிந்தபின் அதே வினைப்பொருளைக் கொண்டு பிற நிறுவனங்கள் செய்வது ‘பொதுப்பெயர் மருந்து’. மக்கள் வழக்கில் ஜெனரிக் மருந்து. இரண்டிலும் வினைப்பொருள் ஒன்று, அளவும் ஒன்று. ஆயினும் மாத்திரை என்பது வினைப்பொருள் மட்டுமன்று. அதனைப் பிணைக்கும் மாவும், நிரப்பும் தூளும், மேற்பூச்சும், அழுத்திச் செய்த விதமும் சேர்ந்ததே மாத்திரை.

நிரப்பும் தூள் மாறினால் என்ன ஆகும் என்பதை 1968இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரம் கண்டது. வலிப்பு நோய்க்கான பெனிட்டாயின் மருந்தின் உறையில் நிரப்பியாக இருந்த கால்சியம் சல்பேட்டுக்குப் பதிலாக லாக்டோஸ் சேர்க்கப்பட்டது. மருந்தின் அளவு மாறவில்லை. ஆனால் குருதியில் கலந்த மருந்தின் அளவு உயர்ந்து, நோயாளிகள் பலருக்கு நஞ்சேறிய அறிகுறிகள் தோன்றின. 1971இல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் லிண்டன்பாமும் அவர்தம் குழுவினரும் இதயநோய்க்கான டிகாக்ஸின் மாத்திரைகளை ஒப்பிட்டனர். தயாரிப்புக்குத் தயாரிப்பு, குருதியில் காணப்பட்ட செறிவு ஏழு மடங்கு வரை வேறுபட்டது. பாட்டியின் ஐயம் வெறும் பிடிவாதமன்று என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

இந்நிகழ்வுகளுக்குப் பின்னரே, மாத்திரையில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பதோடு, உடலுக்குள் எவ்வளவு, எவ்வளவு விரைவில் சேர்கிறது என்பதையும் அளந்து ஒப்பிட வேண்டும் என்ற நெறி வலுப்பெற்றது. ஆங்கிலத்தில் ‘பயோஇக்விவலன்ஸ்’ என்று வழங்கும் இதனை ‘உயிர்ச்சமன்மை’ என்று சொல்லலாம். மலேசியாவில் மருந்துகளைப் பதிவு செய்யும் அதிகாரம் மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையத்துக்கு உரியது. பெட்டாலிங் ஜெயாவில் இயங்கும் தேசிய மருந்தியல் ஒழுங்குமுறை முகமை அதற்கான மதிப்பீட்டைச் செய்கிறது. மருந்து உறையில் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் எண் அந்தப் பதிவின் அடையாளம்.

பால்மரம் கற்பிக்கும் பாடம்

இரு மாத்திரைகளை ஒப்பிடுவது எளிதென்று தோன்றும். பத்துப் பேருக்கு ஒன்றையும் வேறு பத்துப் பேருக்கு மற்றொன்றையும் கொடுத்துக் குருதியை அளந்தால் போதாதா? போதாது என்பதற்கான காரணத்தை நம் பேரா மாநிலத்துத் தோட்டத் தொழிலே காட்டும். இம்மாநிலத்தின் கோலகங்சாரில் 1877ஆம் ஆண்டிலேயே ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பின்னர் எழுந்த தோட்டங்களில் நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாக மரம் சீவினர்.

இரண்டு வகைச் சீவு கத்திகளில் எது மிகுதியாகப் பால் தரும் என்று அறிய விரும்புவதாகக் கொள்வோம். ஒரு நிரையில் உள்ள மரங்களை ஒரு கத்தியாலும், அடுத்த நிரையை மற்றொன்றாலும் சீவி, மங்கில் வடிந்த பாலை நிறுத்துப் பார்க்கலாம். ஆனால் மரத்துக்கு மரம் பாலின் அளவு வேறுபடும். ஒரு மரம் மங்கு நிறையத் தரும். பக்கத்து மரம் அடிமட்டத்தோடு நிறுத்திக்கொள்ளும். நிரைகளுக்கு இடையே கண்ட வேறுபாடு கத்தியால் வந்ததா, மரத்தால் வந்ததா என்று சொல்ல இயலாது. அதே மரத்தை ஒரு முறை இக்கத்தியாலும் மறுமுறை அக்கத்தியாலும் சீவினால், மரத்துக்கு மரம் உள்ள வேறுபாடு ஒப்பீட்டிலிருந்து விலகிவிடும்.

எனினும் ஒரு வேறுபாடு எஞ்சி நிற்கும். ஒரே மரத்தை ஒரே கத்தியால் இரு நாள் சீவினாலும் பால் ஒரே அளவாக வடிவதில்லை. விடியுமுன் சீவிய நாளும் வெயிலேறிச் சீவிய நாளும் வேறு. மழை பெய்த மறுநாள் வேறு. இந்த எஞ்சிய வேறுபாடுதான் நம் பொருள்.

தமிழ் இலக்கணம் வாழ்க்கையை அகம் என்றும் புறம் என்றும் பகுத்தது. அந்தச் சொல்லிணையை இங்குக் கடன் கொள்வோம். ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு ‘புறமாறுபாடு’. ஒரே ஆளுக்குள், ஒரு முறைக்கும் மறுமுறைக்கும் இடையே உள்ள வேறுபாடு ‘அகமாறுபாடு’. உயிர்ச்சமன்மை ஆய்வில் புறமாறுபாட்டை ஆய்வின் அமைப்பே நீக்கிவிடுகிறது. அகமாறுபாட்டை நீக்க முடியாது. அளந்து கணக்கில் கொள்ளத்தான் முடியும்.

மனித உடலில் அகமாறுபாடு ஏன் எழுகிறது? இரைப்பை ஒரு நாள் விரைவாகக் காலியாகும், ஒரு நாள் மெதுவாக. குடற்சுவரிலும் கல்லீரலிலும் மருந்தைச் சிதைக்கும் நொதிகளின் வேகம் நாளுக்கு நாள் சற்றே மாறும். உணவும் இதில் தலையிடும். கிரேப்ஃபுரூட் பழம் குடற்சுவரின் நொதி ஒன்றைத் தடுத்துச் சில மருந்துகளின் செறிவை உயர்த்திவிடும். ஈப்போவை அடுத்த தம்பூனில் புகழ்பெற்ற பம்பளிமாசும் அதன் நெருங்கிய உறவினமே. எனவேதான் தன்னார்வலர்கள் இரவு முழுதும் உண்ணாதிருந்து, அளந்த நீரோடு மாத்திரையை விழுங்கி, குறித்த நேரத்தில் குறித்த உணவையே உண்கின்றனர். இக்கட்டுப்பாடுகள் அகமாறுபாட்டைக் குறைக்கும்; இல்லாமல் ஆக்கமாட்டா.

குறுக்குமாற்று ஆய்வு

ஒரே மரத்தில் இரு கத்திகளையும் பார்ப்பதுபோல், ஒரே ஆளிடம் இரு மருந்துகளையும் பார்க்கும் அமைப்பைக் குறுக்குமாற்று ஆய்வு என்கிறோம். தன்னார்வலர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிப்பர். முதற்குழு முதற்பருவத்தில் பொதுப்பெயர் மருந்தையும் இரண்டாம் பருவத்தில் மூலமருந்தையும் உட்கொள்ளும். இரண்டாம் குழுவுக்கு வரிசை தலைகீழ்.

எல்லாரும் ஒரே வரிசையில் உட்கொண்டால் என்ன குறை? மரங்கள் இலையுதிர்க்கும் பருவத்தில் பால் குறையும். முதற்கத்தியை அதற்கு முன்பும் இரண்டாம் கத்தியை இலையுதிர் பருவத்திலும் பயன்படுத்தினால், பழி இரண்டாம் கத்தியின் மேல் விழும். இரு வரிசைகளும் இருந்தால் பருவத்தின் விளைவைத் தனியே பிரித்தெடுக்கலாம்.

இரு பருவங்களுக்கு இடையே ஓய்வுக்காலம் வேண்டும். பால் பெருக்கும் மருந்தைத் தடவிய மரத்தில் அதன் தாக்கம் சில நாள் நீடிப்பதுபோல், முதல் மாத்திரையின் எச்சம் குருதியில் நின்றால் இரண்டாவதன் அளவீடு கெடும். உடலிலுள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் காலத்தை அரையாயுட்காலம் என்பர். அதைப்போல் ஐந்து மடங்காவது இடைவெளி விடுவது வழக்கம். ஐந்து முறை பாதியானால் 32இல் ஒரு பங்கே எஞ்சும்.

எதை அளக்கிறோம்?

மாத்திரை விழுங்கிய பின் குறித்த நேரங்களில் குருதி எடுத்து, செறிவை வரைபடமாக்குவர். கோடு ஏறி, உச்சம் தொட்டு, இறங்கும். அந்த உச்சச் செறிவு மருந்து சேரும் வேகத்தைக் காட்டும். கோட்டின் கீழ்ப்பரப்பு மொத்தம் சேர்ந்த அளவைக் காட்டும்.

இவற்றை நேரடியாகக் கழித்துப் பார்ப்பதில்லை, விகிதமாகவே ஒப்பிடுவர். விகிதத்தைக் கழித்தலாக மாற்றும் கருவி மடக்கை. ஆகவே எல்லா அளவுகளையும் இயல்மடக்கையாக மாற்றிய பின்பே கணக்கு தொடங்கும்.

பொதுப்பெயர் மருந்துக்கும் மூலமருந்துக்கும் உள்ள சராசரி விகிதத்தின் 90 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி, முழுமையாக 80க்கும் 125க்கும் இடையே அமைய வேண்டும் என்பது பன்னாட்டு வழக்கு. 80க்கு எதிரிணை ஏன் 120 ஆகவில்லை என்று மாணவர் கேட்பர். 0.80இன் தலைகீழ் 1.25 என்பதே விடை. மடக்கை அளவுகோலில் இவ்விரண்டும் சுழியிலிருந்து சமதொலைவில், −0.223 என்றும் +0.223 என்றும் நிற்கும். இந்த ஒப்பீட்டு முறைக்கு டொனால்டு ஷூர்மன் 1987இல் வெளியிட்ட இரு ஒருபக்கச் சோதனைகள் அடிப்படை. ஆசியான் நாடுகளின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டி, ஐரோப்பிய மருந்து முகமையின் 2010ஆம் ஆண்டு வழிகாட்டியைத் தழுவி இவ்வெல்லைகளையே கொண்டுள்ளது.

இங்கு ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். 80 முதல் 125 வரை என்பது, மருந்து 20 விழுக்காடு குறைந்தாலும் 25 விழுக்காடு மிகுந்தாலும் தாழ்வில்லை என்னும் இசைவன்று. எல்லைக்குள் அடங்க வேண்டியது முழு இடைவெளி. சராசரி விகிதம் 82 என்று வந்தால், இடைவெளியின் கீழ்முனை பெரும்பாலும் 80க்குக் கீழே இறங்கி மருந்து தோற்றுவிடும். அந்த இடைவெளி எவ்வளவு விரியும் என்பதைத் தீர்மானிப்பவை இரண்டு: ஆள்களின் எண்ணிக்கை, அகமாறுபாடு.

கையால் போட்டுப் பார்க்கும் கணக்கு

வகுப்பறைக்கு ஏற்ற ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். உண்மையான ஆய்வில் குறைந்தது 12 பேர் வேண்டும். நாம் எளிமைக்காக ஆறு பேரோடு நிறுத்துகிறோம். ஒவ்வொருவருக்கும், பொதுப்பெயர் மருந்தின் கீழ்ப்பரப்பின் மடக்கையிலிருந்து மூலமருந்தின் கீழ்ப்பரப்பின் மடக்கையைக் கழித்துப் பெற்ற எண்கள் இவை:

முதற்குழு (பொதுப்பெயர் மருந்து முதலில்): 0.25, 0.10, −0.05
இரண்டாம் குழு (மூலமருந்து முதலில்): 0.05, −0.10, −0.25

முதற்குழுவின் சராசரி 0.10, இரண்டாவதன் சராசரி −0.10. இரண்டின் சராசரி சுழி. ஆகவே இரு மருந்துகளின் சராசரி விகிதம் சரியாக 100 விழுக்காடு. குழுச் சராசரிகள் எதிரெதிராக நிற்பது பருவத்தின் விளைவு. முதற்பருவத்தில் எல்லாருக்கும் அளவு சற்று மிகுந்திருக்கிறது.

இனி அகமாறுபாடு. ஒவ்வோர் எண்ணும் தன் குழுச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்க்கிறோம். இரு குழுக்களிலும் விலக்கங்கள் 0.15, 0, −0.15. அவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை ஒரு குழுவுக்கு 0.045, இரண்டுக்கும் 0.09. ஆறு எண்களிலிருந்து இரு சராசரிகளைக் கணக்கிட்டுவிட்டதால் கட்டின்றி மாறக்கூடியவை நான்கே. இதனைக் கட்டின்மை எண் என்போம். 0.09ஐ 4ஆல் வகுத்தால் 0.0225.

இது ‘கழித்து வந்த எண்களின்’ மாறுபாடு. கழித்தலில் இரு அளவீடுகள் பங்கேற்றன; இரண்டும் தத்தம் மாறுபாட்டைக் கொண்டுவந்தன. ஆகவே ஓர் அளவீட்டுக்கு உரியது இதில் பாதி, 0.01125. அதன் வர்க்கமூலம் 0.106. மடக்கையிலிருந்து மீண்டும் பழைய அளவுகோலுக்கு வர, இயல்மடக்கையின் அடியெண்ணை 0.01125 படிக்கு உயர்த்தி, 1ஐக் கழித்து, வர்க்கமூலம் காண்கிறோம். கிடைப்பது 0.106. அகமாறுபாட்டுக் கெழு 10.6 விழுக்காடு.

பருவத்தின் விளைவை மறந்து, ஆறு எண்களையும் ஒரே குவியலாகக் கொண்டிருந்தால் வர்க்கக் கூட்டுத்தொகை 0.15 ஆகி, ஐந்தால் வகுத்துப் பாதியாக்க, கெழு 12.3 விழுக்காடு என்று வந்திருக்கும். பருவத்தின் குற்றத்தை மனிதர்மேல் சுமத்தியதன் விளைவு அது.

நம்பிக்கை இடைவெளியின் அரையகலம் மூன்று எண்களின் பெருக்கம். முதலாவது, ‘மாணவர்’ என்று பொருள்படும் புனைபெயரில் 1908இல் வில்லியம் காசெட் வெளியிட்ட முறையின் அட்டவணையில், கட்டின்மை எண் 4க்கு உரிய 2.132. இரண்டாவது, நாம் கண்ட 0.106. மூன்றாவது, 2ஐ ஆள்களின் எண்ணிக்கையான 6ஆல் வகுத்து எடுத்த வர்க்கமூலம் 0.577. பெருக்கினால் ஏறக்குறைய 0.131. பழைய அளவுகோலில் இடைவெளி 87.8 முதல் 113.9 விழுக்காடு. எல்லைக்குள் அடங்குகிறது, மருந்து தேறிவிட்டது.

இதே சராசரி விகிதம், இதே ஆறு பேர். ஆனால் அகமாறுபாட்டுக் கெழு மட்டும் 30 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி 69.7 முதல் 143.5 வரை விரிந்துவிடும். இரு மருந்துகளின் சராசரியில் எள்ளளவும் வேறுபாடில்லை. எனினும் மருந்து தோற்றுவிட்டது. இந்தத் தோல்வி, மருந்துகள் வேறுபடுகின்றன என்பதற்குச் சான்றன்று. சமன்மை மெய்ப்பிக்கப்படவில்லை என்பதே அதன் பொருள். இவ்விரண்டையும் வேறுபடுத்தி உணர்ந்த மாணவர் புள்ளியியலின் ஒரு பெரிய வாயிலைக் கடந்தவராவார்.

முன்கூட்டி மதிப்பிடுவதில் உள்ள பொறுப்பு

ஆய்வு முடிந்தபின் அகமாறுபாட்டைக் கணக்கிடுவது எளிது. எத்தனை பேரை அழைக்க வேண்டும் என்று முடிவு செய்ய, ஆய்வு தொடங்குமுன்னரே அது தேவைப்படுவதுதான் சிக்கல்.

மெய்யான விகிதம் 95 விழுக்காடு என்று கொண்டு, மருந்து தேறும் வாய்ப்பு 80 விழுக்காடேனும் இருக்க வேண்டுமானால், அகமாறுபாட்டுக் கெழு 20 என்றால் 20 பேர் போதும். 30 என்றால் 40 பேர்; 40 என்றால் 66 பேர். கெழு இருமடங்காகும்போது ஆள்கள் மும்மடங்குக்கு மேல் பெருகுகின்றனர்.

மெய்யான கெழு 30ஆக இருக்க, திட்டமிடுவோர் 20 என்று எண்ணி இருபது பேரை மட்டும் அழைத்தால், தேறும் வாய்ப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அந்த இருபது பேரும் பட்டினி கிடந்து, பலமுறை ஊசிக்குக் கை நீட்டியது எந்த முடிவையும் தராமல் போகலாம். மாறாக, மெய்யான கெழு 20ஆக இருக்க, 40 என்று அஞ்சி 66 பேரை அழைத்தால், நாற்பத்தாறு பேர் தேவையின்றி மருந்துண்டவர் ஆவர். இரண்டும் அறத்துக்கு உடன்பட்டவை அல்ல.

எனவே முன்மதிப்பீட்டில் மூன்று எச்சரிக்கைகளை மனத்திற் கொள்ள வேண்டும்.

ஒன்று, சிறிய முன்னோட்ட ஆய்வின் எண்ணை அப்படியே நம்பலாகாது. 12 பேரைக் கொண்ட முன்னோட்டத்தில் கெழு 20 என்று வந்ததாகக் கொள்வோம். கட்டின்மை எண் 10தான். 80 விழுக்காட்டு நம்பிக்கையோடு சொல்லக்கூடிய மேலெல்லை 25.6. இருபதுக்குத் திட்டமிட்டால் 20 பேர்; 25க்கே 28 பேர் வேண்டும். சிறிய ஆய்வு தந்த எண் தாழ்வாகவும் இருக்கலாம், உயர்வாகவும் இருக்கலாம்; தாழ்ந்த எண்ணை விரும்பி ஏற்பது மனித இயல்பு என்பதால் மேலெல்லையையும் பார்ப்பது நன்று.

இரண்டு, பல ஆய்வுகள் இருந்தால் அவற்றின் கெழுக்களை வெறுமனே கூட்டி வகுக்கலாகாது. கட்டின்மை எண் 10 கொண்ட ஆய்வு 20 என்றும், 22 கொண்ட ஆய்வு 26 என்றும் சொன்னால், நேர்ச்சராசரி 23. ஒவ்வொன்றையும் மடக்கை அளவுகோலின் மாறுபாடாக மாற்றி, கட்டின்மை எண்ணால் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கட்டின்மை எண்ணான 32ஆல் வகுத்து மீட்டால் 24.3 வரும். பெரிய ஆய்வின் சொல்லுக்குப் பெரிய மதிப்பு தருவதே நேர்மை.

மூன்று, புறத்தை அகமென்று மயங்கலாகாது. ஆய்வுக் கட்டுரைகளின் அட்டவணையில் சராசரியும் அதன் பக்கத்தில் திட்டவிலக்கமும் அச்சாகியிருக்கும். ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடும் அதில் கலந்துள்ளது. அதனை அகமாறுபாடு என்று எடுத்துக்கொள்வது, நிரை முழுவதிலும் உள்ள மரங்களின் வேறுபாட்டை ஒரே மரத்தின் வேறுபாடு என்று கொள்வதற்கு ஒப்பாகும்.

அச்சில் இல்லாத எண்ணை மீட்டெடுத்தல்

பல கட்டுரைகளில் அகமாறுபாட்டுக் கெழு அச்சிடப்பட்டிருக்காது. ஆனால் நம்பிக்கை இடைவெளியும் ஆள்களின் எண்ணிக்கையும் இருந்தால், நாம் மேலே போட்ட கணக்கைப் பின்னோக்கி நடத்தி அதனை மீட்கலாம். உயர்நிலை வகுப்புக்கு இது நல்ல பயிற்சி.

ஒரு குறுக்குமாற்று ஆய்வில் வரிசைக்குப் பன்னிருவராக 24 பேர் இருந்தனர் என்றும், 90 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி 90 முதல் 112 வரை என்றும் கொள்வோம். 1.12ஐ 0.90ஆல் வகுத்து மடக்கை எடுத்தால் 0.2187, அதில் பாதி 0.1093. இது அரையகலம். கட்டின்மை எண் 22க்கு அட்டவணை தருவது 1.717. 2ஐ 24ஆல் வகுத்த வர்க்கமூலம் 0.2887. இவ்விரண்டின் பெருக்கம் 0.4957. அரையகலத்தை இதனால் வகுத்தால் 0.2206, அதன் வர்க்கம் 0.0487. முன்போலவே பழைய அளவுகோலுக்கு மாற்றினால் கெழு 22.3 விழுக்காடு.

இரு வரிசைகளிலும் ஆள்கள் சமமாக இல்லாவிட்டால் கணக்கில் சிறு திருத்தம் வேண்டும். இடையில் விலகியோர் இருந்தால், தொடங்கியோர் எண்ணிக்கையை விடுத்து, கணக்கில் சேர்ந்தோர் எண்ணிக்கையையே கொள்ள வேண்டும்.

ஒரே எண்ணுக்குள் மறைந்திருப்பவை

இரு பருவ ஆய்வில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மருந்தையும் ஒரே முறைதான் உட்கொள்கிறார். ஆகவே நாம் பெற்ற எண், மூலமருந்தின் அகமாறுபாடும் பொதுப்பெயர் மருந்தின் அகமாறுபாடும் கலந்த ஒரு சராசரி. சிலருடைய உடல் மட்டும் ஒரு தயாரிப்பை வேறுவிதமாக ஏற்றால், அந்த வேறுபாடும் இதனுள் புகுந்துவிடும். தனித்தனியே பிரித்துச் சொல்ல இவ்வமைப்பால் இயலாது.

பிரித்தறிய வேண்டுமானால் ஒரே மருந்தை ஒரே ஆளுக்கு மீண்டும் கொடுக்க வேண்டும். மூன்று அல்லது நான்கு பருவங்கள் கொண்ட மீள்முறைக் குறுக்குமாற்று ஆய்வு அதற்கானது. மூலமருந்தை ஒருவர் இருமுறை உட்கொண்டால், அவ்விரு முறைக்கும் உள்ள வேறுபாட்டில் வேறொரு மருந்தின் கலப்பு இல்லை. அதுவே மூலமருந்தின் தூய அகமாறுபாடு.

இந்தப் பிரிப்பு இரு வகை மருந்துகளுக்கு இன்றியமையாதது. முதல்வகை, அகமாறுபாட்டுக் கெழு 30ஐத் தாண்டும் மருந்துகள். கல்லீரலை முதன்முறை கடக்கும்போதே பெரும்பகுதி சிதையும் வெராப்பமில் போன்றவை இவ்வகையில் அடங்கும். மூலமருந்தே தனக்குத்தான் இவ்வளவு மாறுபடுகையில், பொதுப்பெயர் மருந்தை மட்டும் குறுகிய எல்லைக்குள் நிறுத்துவது நியாயமா என்ற வினா எழுந்தது. ஐரோப்பிய வழிகாட்டி, உச்சச் செறிவுக்கு மட்டும், மீள்முறை ஆய்வில் மூலமருந்தின் அகமாறுபாட்டை மெய்ப்பித்தால் எல்லையை விரிக்க இசைகிறது. கெழு 40 என்றால் எல்லை 74.62 முதல் 134.02 வரை. கெழு எவ்வளவு உயர்ந்தாலும் 69.84 முதல் 143.19 வரை என்பதற்கு மேல் விரியாது. சராசரி விகிதமும் 80க்கும் 125க்கும் இடையே நின்றாக வேண்டும். ஓரிருவரின் விந்தையான அளவீடுகளால் கெழு வீங்கியிருக்கவில்லை என்றும் காட்ட வேண்டும்.

இரண்டாம்வகை இதற்கு நேர்மாறு. சிறிது குறைந்தால் பயனின்மை, சிறிது மிகுந்தால் தீங்கு என்னும்படி அமைந்த மருந்துகள் இவை. ஐரோப்பிய வழிகாட்டி இவற்றுக்கு எல்லையை 90.00 முதல் 111.11 வரை என்று குறுக்குகிறது. குருதி உறைவதைத் தடுக்கும் வார்ஃபாரினுக்கு அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு மேலும் ஒன்று கேட்கிறது. சராசரி ஒத்திருந்தால் மட்டும் போதாது; பொதுப்பெயர் மருந்தின் அகமாறுபாடு மூலமருந்தினுடையதைவிட மிகுதியாக இருக்கலாகாது என்று நான்கு பருவ ஆய்வில் சோதிக்கிறது. இரு திட்டவிலக்கங்களின் விகிதத்துக்கான நம்பிக்கை இடைவெளியின் மேல்முனை 2.5ஐத் தாண்டக்கூடாது. இங்கே அகமாறுபாடு அளவுகோல் என்னும் நிலையிலிருந்து உயர்ந்து, மருந்தின் தரமாகவே மதிக்கப்படுகிறது.

பாட்டிக்குச் சொல்லும் விடை

இனிப் பாட்டியின் கேள்விக்கு வருவோம். “இரண்டும் ஒன்றுதான்” என்பதைவிட மெய்யான விடை ஒன்று நம்மிடம் இருக்கிறது. “பாட்டி, வெள்ளை மாத்திரையையே நீங்கள் நேற்றும் இன்றும் சாப்பிட்டாலும், உடம்பில் சேரும் அளவு நாளுக்கு நாள் கொஞ்சம் மாறும். ஒரே மரம் நாளுக்கு நாள் வேறு அளவு பால் தருவதுபோல. மஞ்சள் மாத்திரையை வெள்ளையோடு ஒப்பிடும்போது, அந்த இயல்பான ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் வைத்து, அதற்கும் மேல் பெரிய வேறுபாடு இல்லை என்று ஒரே ஆள்களிடம் இரண்டையும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நிறத்துக்காக நிறுத்திவிடாதீர்கள்.” மரம் சீவியறிந்த பாட்டிக்கு இவ்வுவமை விளங்கும்.

அதனோடு இன்னொன்றையும் சொல்வது நம் கடமை. இவ்வாய்வுகள் சராசரியைப் பற்றியவை. வலிப்பு மருந்தோ குருதி உறைவைத் தடுக்கும் மருந்தோ மாறும்போது உடலில் புதிய மாற்றம் தோன்றினால், தாமாக நிறுத்தாமல் மருந்தாளரிடமோ மருத்துவரிடமோ உடனே தெரிவிக்க வேண்டும். பிரிஸ்பேன் நகரம் கற்பித்த பாடம் அது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோளோடு அமைகிறோம். அகமாறுபாட்டைக் கற்பிக்க ஆய்வகம் தேவையில்லை. மாணவர் ஒவ்வொருவரும் தம் நாடித்துடிப்பை ஒரே நேரத்தில், ஒரே நிலையில் அமர்ந்து, ஐந்து நாள் எண்ணி எழுதட்டும். வகுப்பு முழுவதன் வேறுபாட்டையும், ஒருவருக்குள் உள்ள வேறுபாட்டையும் தனித்தனியே கணக்கிடட்டும். அகமும் புறமும் வேறென்பதை அவர்கள் தம் கைவிரலாலேயே உணர்வர். அடுத்த முறை வீட்டில் மாத்திரையின் நிறம் மாறும்போது, உறையிலுள்ள எண்ணைப் பார்த்து, மேற்சொன்ன விடையைத் தமிழிலேயே விளக்கிச் சொல்லவும் அவர்களால் இயலும்.